பவுடர் ப்ளூவும் மயில்துத்தமும்

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி எங்க வீட்டு பவுடர் ப்ளூ செத்துப் போச்சு.

மீன் செத்ததுக்கெல்லாம் ஒரு பதிவான்னு கேக்கிறவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடலாம், கோவிச்சுக்க மாட்டேன். மத்தவங்க கொஞ்சம் உட்காருங்க. பதிவு நீளம். டிஸ்கியையும் முதல்லயே போட்டுடறேன்: நான் டாக்டரும் இல்லை, மீன்வளம் படிச்சவனும் இல்லை. ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு, ராத்திரி தொட்டி முன்னாடி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற கோஷ்டி.

பவுடர் ப்ளூ தெரியாதவங்களுக்காக: நம்ம இந்தியப் பெருங்கடல் மீன். மாலத்தீவு, இலங்கைப் பக்கத்துப் பவளப்பாறையில மேயும். வெளிர் நீல உடம்பு, கருப்பு முகம், முதுகுல மஞ்சள் துடுப்பு. பார்த்தா விட மாட்டீங்க. நானும் விடல. நாலடித் தொட்டியில இதை வளர்க்கக் கூடாதுன்னு தெரியும். திட்டறதா இருந்தா பின்னூட்டத்துல திட்டிக்கோங்க. வந்த நாலாம் நாள் துடுப்புல உப்பைத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. கடல் மீன் வளர்க்கிறவங்க 'இக்' (மரைன் இக்)னு கூப்பிடற வியாதி.

மருந்து கொடுக்கறதா வேண்டாமா? மூணு பேர்கிட்ட கேட்டேன். கடைக்கார அண்ணன், "சார், இக் எல்லாத் தொட்டியிலயும் இருக்கும் சார். மீன் பயந்து போயிருக்கு, அவ்ளோதான். பூண்டுச் சாறு கலந்து தீனி போடுங்க, தானா போயிடும்"னார். சக தொட்டிக்காரர் ஒருத்தர், "உடனே பிடிச்சு வெளிய எடுத்து காப்பர் போடுங்க"ன்னார். இன்னொருத்தர், "மருந்துதான் மீனைக் கொல்லுது, தொடாதீங்க"ன்னார். உள்ளே பாறை, பவளம், இறால் எல்லாம் இருக்கு. மீனைப் பிடிக்கணும்னா மொத்தப் பாறையையும் கலைக்கணும். ஆக, எது சுலபமோ அதையே செஞ்சேன். பூண்டு.

அஞ்சாவது நாள் காலையில பார்த்தா ஒரு புள்ளி இல்லை! பளபளன்னு நீந்துது. தங்கமணியைக் கூப்பிட்டுக் காமிச்சேன். "ஏங்க, ரசத்துக்கு வெச்சிருந்த பூண்டு அத்தனையும் மீனுக்கா?"ன்னு ஒரு முறை முறைச்சாங்க. நான் அதையெல்லாம் கண்டுக்காம, பூண்டின் மகிமை பத்தி நாலு பேருக்கு போன் போட்டுச் சொன்னேன்.

பத்து நாள் கழிச்சு திரும்ப வந்தது. இந்தத் தடவை புள்ளிகளை எண்ண முடியல. ரெண்டே நாள். பவுடர் ப்ளூ போச்சு.

அடுத்து ஃபாக்ஸ்ஃபேஸ், நம்ம ஓரா மீன் ஜாதி. அதுக்கும் புள்ளி. பயத்துல அதைப் பிடிச்சு ஒரு பக்கெட்ல விட்டு, காப்பர் மருந்தை பாட்டில் மூடியில குத்துமதிப்பா ஊத்தினேன். டெஸ்ட் கிட் கிடையாது. விடியறதுக்குள்ள அதுவும் போச்சு. ஒண்ணை மருந்து கொடுக்காம கொன்னேன், இன்னொண்ணை மருந்து கொடுத்துக் கொன்னேன்.

அதுக்கப்புறம்தான் உறுத்தல். மீன் தொட்டின்னு ஒண்ணு வந்து நூத்தி எழுபது வருஷமாச்சு. இந்தக் கேள்வியை எனக்கு முன்னாடி எத்தனையோ பேர் கேட்டிருப்பாங்களே, என்ன செஞ்சாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். தேடினது பெரிய கதையா விரிஞ்சுது.

கொசுவத்தியை 1853ல இருந்து சுத்துவோம். லண்டன் ரீஜண்ட் பார்க் மிருகக்காட்சிசாலையில அந்த வருஷம்தான் மீன்களுக்குன்னு ஒரு கண்ணாடி வீடு கட்டித் திறந்தாங்க. அடுத்த வருஷம், 1854ல, பிலிப் ஹென்றி காஸ் அப்படிங்கிற இயற்கையியலாளர் 'தி அக்வேரியம்'னு ஒரு புஸ்தகம் போட்டார். இங்கிலாந்து நடுத்தர வர்க்கத்துக்குப் பைத்தியம் பிடிச்சுது. ஆளாளுக்கு ஜாடியையும் வலையையும் தூக்கிட்டு கடற்கரைக்குக் கிளம்பிட்டாங்க. அப்போ வைத்தியம்ங்கிற கேள்வியே பெருசா எழ வழியில்லை. பக்கத்துக் கடலோட மீனும் கடல் சாமந்தியும்தான் தொட்டியில. செத்தா வேற பிடிச்சுக்கலாம். இப்படிப் பிடிச்சுப் பிடிச்சே கரையோரப் பாறைக் குட்டைகள் காலியாகிப் போச்சுன்னு காஸோட மகன் எட்மண்ட் பின்னாடி, 1907ல, தன் 'ஃபாதர் அண்ட் சன்' நூல்ல வருத்தப்பட்டு எழுதினார். அப்பா ஆரம்பிச்சு வெச்ச மோகத்தைப் பத்தி மகன் எழுதின வருத்தம்.

தூரதேசத்து மீன் வந்தப்புறம்தான் நிலைமை மாறுது. கப்பல்ல வாரக்கணக்கா பயணம் செஞ்சு வந்த பவளப்பாறை மீன் செத்தா, ஜாடியோட கரைக்குப் போய் வேற பிடிச்சுட்டு வர முடியாதே. 1924ல லண்டன் காட்சிசாலையில புதுசா பெரிய மீன்காட்சியகம் ஒண்ணைத் திறந்தாங்க (2019ல மூடிட்டாங்க). இதுக்கெல்லாம் முன்னாடியே, 1909லயே, நம்ம மெட்ராஸ் மெரினாவுல ஒரு மீன்காட்சியகம் இருந்துச்சு. அது தனிப் பதிவுக்கான மேட்டர், இப்போ வேண்டாம்.

1931ல இ. எம். பிரவுன்ங்கிறவர் லண்டன் விலங்கியல் கழகத்தோட இதழ்ல ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். கடல் மீனோட செவுள்லயும் தோல்லயும் ஒட்டிக்கிட்டு வாழற ஒரு நுண்ணுயிர். ஊடினியம் ஒசெல்லேட்டம்னு பேர் வெச்சார். 1934ல இன்னும் விரிவா, இது கொள்ளைநோயாவே பரவுதுன்னு எழுதினார். 1946ல இதுக்கு அமைலோஊடினியம்னு பேர் மாறிச்சு. இதைத்தான் நாம 'வெல்வெட்'னு சொல்றோம். மீன் மேல தங்கத்தூள் தூவின மாதிரி இருக்கும். அந்தத் தூள் கண்ணுக்குத் தெரியற நேரத்துல பெரும்பாலும் கதை முடிஞ்சிருக்கும், ஏன்னா அது முதல்ல பிடிக்கிறது செவுளை. ஒண்ணு பிரிஞ்சு பிரிஞ்சு 256 வரைக்கும் ஆகும்.

வெள்ளைப்புள்ளி கதை வேற. ஜப்பான்ல சிகாமா அப்படிங்கிறவர் 1937ல கடல் மீன்ல வர்ற வெள்ளைப்புள்ளி நோயைப் பத்தி முதல் அறிக்கை எழுதினார். 1951ல, அதே பிரவுன், லண்டன்ல அந்த ஒட்டுண்ணிக்கு கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ்னு பேர் வெச்சார். சிகாமா 1961ல இக்தியோஃப்திரியஸ் மரைனஸ்னு தனியா ஒரு பேர் வெச்சார். முதல்ல வெச்ச பேர்தான் செல்லும்ங்கிறது விலங்கியல் விதி. அதனால பிரவுனோடதே நிலைச்சுது. சிகாமா முதல்ல பார்த்தவர், பேர் மட்டும் கிடைக்கல. இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் நான் எப்பவும் சிகாமா கட்சி.

இந்தப் பேர் சண்டை சும்மா பண்டிதர் விவகாரம்னு நினைக்காதீங்க. நல்ல தண்ணி மீனுக்கு வர்ற வெள்ளைப்புள்ளியை 1876லயே ஃப்ரான்ஸ்ல ஃபூக்கே அப்படிங்கிறவர் விவரிச்சுட்டார். அதோட பேர் இக்தியோஃப்திரியஸ், செல்லமா 'இக்'. கடல் மீன்லயும் அதே மாதிரி புள்ளி, அதே மாதிரி வாழ்க்கைச் சுழற்சி. சரி, அதோட தம்பியாத்தான் இருக்கும்னு எல்லாரும் நினைச்சாங்க. 'மரைன் இக்'ங்கிற பேரும் அப்படி வந்ததுதான். மரபணுவைப் பார்த்தப்புறம் (2002ல ரைட், கொலோர்னி கட்டுரை) தெரிஞ்சுது, ரெண்டுக்கும் நெருங்கின சொந்தமே கிடையாது. ஆனா இடையில இத்தனை வருஷமும் 'இக்'ங்கிற பேரை நம்பி, குளத்து மீன் வைத்தியத்தையெல்லாம் கடல் மீனுக்குச் செஞ்சுட்டிருந்தோம். தண்ணியைச் சூடாக்கறதுதான் நல்ல உதாரணம். நல்ல தண்ணி இக் 30 டிகிரி தாண்டினா திணறும். கடல்ல இருக்கிறது வெப்பமண்டலத்துல பிறந்து வளர்ந்தது, அதுக்கு அதெல்லாம் நம்ம ஊர் மார்கழி. நானும் ஹீட்டரை ஏத்தி வெச்சவன்தான், சொல்ல வெட்கமா இருக்கு.

சரி, மருந்து எப்போ வந்தது? 1955. ஊர் சான் ஃபிரான்சிஸ்கோ, இடம் கோல்டன் கேட் பூங்காவுல இருந்த ஸ்டைன்ஹார்ட் மீன்காட்சியகம். அங்கே வேலை பார்த்த ராபர்ட் டெம்ப்ஸ்டர், ஊடினியத்துக்கு காப்பர் சல்பேட் கொடுத்துக் குணப்படுத்தலாம்னு அந்த வருஷம் கட்டுரை போட்டார்.

காப்பர் சல்பேட்னா வேற எதுவும் இல்லை, நம்ம மயில்துத்தம்தான். திராட்சைத் தோட்டத்துக்காரங்க சுண்ணாம்போட கலந்து போர்டோ கலவைன்னு அடிப்பாங்களே, அதே நீலக் கல்லு. விவசாயத்துல பூஞ்சையைக் கொன்னது இங்க மீனோட ஒட்டுண்ணியைக் கொன்னுது. காட்சியகங்களுக்கு இது பெரிய வரம். ஆனா அளவு ரொம்பப் பொடி. லிட்டருக்கு 0.15லிருந்து 0.20 மில்லிகிராம் செம்பு. குறைஞ்சா ஒட்டுண்ணி சிரிக்கும், கூடினா மீன் சாகும். அதுவும் கடல் தண்ணியில செம்பு அப்படியே நிக்காது. சுண்ணாம்புச் சத்துள்ள கல், பவளத்தூள் இதெல்லாம் அதை உறிஞ்சி வெச்சுக்கும். காலையில போட்டது சாயந்திரம் இருக்காது. அளந்துக்கிட்டே இருக்கணும். பக்கெட்டும் பாட்டில் மூடியும் வெச்சு வைத்தியம் பார்த்த அடியேன் செஞ்ச தப்பு என்னன்னு 1955லயே தெரிஞ்சிருந்திருக்கு.

1966ல நியூயார்க் மீன்காட்சியகத்துல கிரிப்டோகேரியான் பரவினதைப் பத்தி நிக்ரெல்லி, ருஜியேரி ரெண்டு பேரும் எழுதினாங்க. காட்சியகங்கள்ல அப்போ 'வைத்தியம் பார்க்கலாமா'ங்கிற விவாதம் இருந்த மாதிரியே தெரியல. மீன் மட்டும் இருக்கிற தொட்டி, மருந்து இருக்கு, போடு. வீட்டுலயும் அப்படித்தான். வெளுத்த பவள எலும்பு நாலு, ப்ளாஸ்டிக் செடி ரெண்டு, நடுவுல மீன், தண்ணியில செம்பு. அந்தக் காலக் கடல் தொட்டிப் படங்களைப் பாருங்க, சமையலறை மேடை மாதிரி பளிச்சுன்னு இருக்கும்.

அப்படின்னா 'மருந்து வேண்டாம்'ங்கிற கட்சி எங்கிருந்து முளைச்சுது?

என் பதில்: பவளத்துலருந்து. 1961ல ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் ஒரு அமெரிக்க மீன் பத்திரிகையில எழுதினார். கடல்லருந்து உயிருள்ள பாறையையும் பவளத்தையும் அப்படியே கொண்டு வந்து வைங்க, கொஞ்சம் காத்துக் குமிழி விடுங்க, வேற வடிகட்டி எதுவும் தேவையில்லை, இயற்கை பார்த்துக்கும்னார். உடனே எல்லாராலயும் செய்ய முடியல. ஆனா விதை விழுந்துடுச்சு. எழுபதுகள்ல ஜெர்மன் மொழிக்காரங்க, எண்பதுகள்ல அமெரிக்காவுல (1986ல ஜார்ஜ் ஸ்மிட் எழுதின தொடர் கட்டுரை அங்க பெரிய அலை) பவளத் தொட்டி வீட்டுக்கு வந்தாச்சு.

செம்பு மீனைக் காப்பாத்தும். ஆனா இறால், நத்தை, பவளம், உயிர்ப்பாறைக்குள்ள இருக்கிற புழு பூச்சி எல்லாத்துக்கும் விஷம். தொட்டிக்குள்ள மருந்து போடற கதவு அங்கேயே சாத்திக்கிச்சு. மீனை வெளிய எடுத்து வேற தொட்டியில வைத்தியம் பார்க்கலாம். ஆனா அதுக்கு நாள் கணக்குல பார்த்துப் பார்த்து அடுக்கின பாறையைக் கலைக்கணும். யாருக்கு மனசு வரும்? எனக்கு வரல. அப்போ மனுஷன் என்ன செய்வான்? தன்னால முடியாததைச் 'செய்யத் தேவையில்லை'ன்னு சொல்ல ஆரம்பிப்பான். 'இக் எல்லாத் தொட்டியிலயும் இருக்கும்', 'நல்லா தீனி போட்டா தானா போயிடும்' வகையறா வேதவாக்கெல்லாம் கொடிகட்டிப் பறந்தது இந்தப் பவளத் தொட்டி யுகத்துலதான்னு நினைக்கிறேன். இது என் ஊகம், அடிக்க வராதீங்க. ஆனா என்னையே பார்த்துத்தான் சொல்றேன். கடைக்கார அண்ணன் சொன்னதை நான் நம்பினது ஆதாரத்தைப் பார்த்து இல்லை. பாறையைக் கலைக்க வேண்டாம்னு அவர் சொன்னது இனிச்சுது, அவ்ளோதான்.

இது மட்டுமா இருந்தா வாதம் பத்து வருஷத்துல செத்திருக்கும். சாகாம இருந்ததுக்குக் காரணம் அந்த ஒட்டுண்ணியோட கடிகாரம். இதைப் புரிஞ்சுக்கிட்டப்பதான் எனக்கு மண்டையில அடிச்ச மாதிரி இருந்துச்சு.

நாம பார்க்கிற வெள்ளைப்புள்ளி, மீனோட மேல்தோலுக்கு அடியில புகுந்து தின்னுட்டிருக்கிற ஒட்டுண்ணி. மூணுலருந்து ஏழு நாள் தின்னும். வயிறு நிறைஞ்சதும் தானாவே மீனை விட்டு இறங்கிடும், அதுவும் பெரும்பாலும் இருட்டுல. கொஞ்ச நேரம் மண்ணுல ஊர்ந்து, எங்கயாவது கல்லுல ஒட்டிக்கிட்டு கூடு கட்டிக்கும். கூட்டுக்குள்ள பிரிஞ்சு பிரிஞ்சு இருநூறுக்கும் மேல ஆகும். சில நாள்லயோ சில வாரத்துலயோ கூடு உடைஞ்சு குஞ்செல்லாம் மீனைத் தேடி நீந்தும். ஒரு நாள் ரெண்டு நாளுக்குள்ள மீன் கிடைக்கலன்னா சாவு. பெருங்கடல்ல முக்கால்வாசி அப்படித்தான் சாகும். நாலடிப் பெட்டிக்குள்ள?

இப்போ கணக்குப் போடுங்க. புள்ளி தெரிஞ்ச நாலஞ்சு நாள்ல, நீங்க எதுவுமே செய்யாட்டியும் புள்ளி மறையும். பூண்டு போட்டாலும் மறையும், வேப்பிலை அடிச்சாலும் மறையும், தொட்டி முன்னாடி நின்னு தேவாரம் பாடினாலும் மறையும். இந்த வியாதிக்கு எந்த வைத்தியமும் முதல் வாரத்துல தோக்கவே தோக்காது. செஞ்சவன் நாலு பேருக்குச் சொல்லுவான் (சொன்னேனே!). பத்து நாள் கழிச்சு அது படையோட திரும்பி வரும்போது, 'தண்ணி கெட்டுப் போச்சு', 'மீனே வீக்கு'ன்னு வேற காரணம் கிடைக்கும். சுத்தமீன், சுத்த இறால் விட்டாச் சரியாகும்னு நம்பினதும் இப்படித்தான். ஒட்டுண்ணி இருக்கிறது தோலுக்கு அடியில, இறால் மேலே மேயறது. நல்ல தண்ணியில முக்கி எடுக்கறதும் இந்தப் புள்ளியைத் தொடாது, அதே காரணம்.

சரி, உண்மையை யார் கண்டுபிடிச்சாங்க? வேடிக்கை என்னன்னா, முக்கியமான வேலையில பாதி அழகு மீன்காரங்க செஞ்சதில்லை, சாப்பாட்டு மீன்காரங்க செஞ்சது. இஸ்ரேல்ல செங்கடல் ஓரத்து ஏலாத் ஊர்ல, கில்ட்ஹெட் ப்ரீம்னு ஒரு மீனை வளர்த்தாங்க. பண்ணையில நோய் வந்தா டன் கணக்குல நஷ்டம். 'தானா போயிடும்'னு பூண்டு போட்டுட்டு உட்கார முடியாது. ஆஞ்சலோ கொலோர்னி 1985ல, உப்பைக் குறைச்சு இதைக் கட்டுப்படுத்தலாம்னு எழுதினார். 1987ல அதைவிட எளிசா ஒண்ணு: மீனை மூணு நாளைக்கு ஒருக்கா காய்ஞ்ச சுத்தமான தொட்டிக்கு மாத்து, நாலு தடவை. மருந்தே இல்லை! மீனை விட்டு இறங்கினதெல்லாம் பழைய தொட்டியிலயே கூடு கட்டும், குஞ்சு பொரிக்கிறதுக்குள்ள மீன் இடம் மாறியிருக்கும். ஒட்டுண்ணியோட கடிகாரத்தை அதுக்கு எதிராவே திருப்பின வித்தை. படிச்சப்போ ஒரு சபாஷ் போட்டேன். போட்டுட்டு, இது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கக் கூடாதான்னு அழுகையும் வந்துச்சு.

'எல்லாத் தொட்டியிலயும் இருக்கும்'ங்கிறதுக்கும் பதில் இதுலயே இருக்கு. மீன் இல்லாம இதால வாழ முடியாது. கூட்டுக்குள்ள எவ்ளோ நாள் தாக்குப் பிடிக்கும்ங்கிறதுதான் கேள்வி. கொலோர்னியும் பர்கெஸ்ஸும் 1997ல எழுதின கட்டுரையில அதிகபட்சமா 72 நாள்னு வருது. நம்ம ஆளுங்க அதோட நாலு நாள் சேர்த்து 76னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. அத்தனை நாள் மீன் இல்லாம தொட்டியைப் போட்டு வெச்சா, பவளமும் இறாலும் பாட்டுக்கு இருக்கும், ஒட்டுண்ணி பட்டினியில ஒழியும். ஆக, இருக்கவே வேண்டியதில்லை. நாமதான் புது மீனோட சேர்த்து வாங்கிட்டு வர்றோம்.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் செய்யணும். அவங்க சொல்றதுல ரெண்டு விஷயம் எனக்கு இடிக்குது.

ஒண்ணு, எதிர்ப்புச் சக்தி நிஜம். இங்கிலாந்துல பர்கெஸ்ஸும் மாத்யூஸும் 1995ல மடவை ஜாதி மீன் ஒண்ணை வெச்சுப் பார்த்தாங்க. லேசா நோய் வந்து தப்பிச்ச மீனை, மறுபடி வந்தா தாக்குப் பிடிக்கிற சக்தி ஆறு மாசம் வரைக்கும் காப்பாத்துது. அதனாலதான் சிலர் தொட்டியில வருஷக்கணக்கா ஒட்டுண்ணி இருந்தும் மீன் நல்லா இருக்கு. அவங்க பொய் சொல்லல. ஆனா அங்க புதுசா ஒரு மீன் போனா? பாவம் என் பவுடர் ப்ளூ. அந்த ஜாதிக்கு இந்த நோய் சட்டுன்னு பத்திக்கும்னு தொட்டி வெச்சிருக்கிற எவரும் சொல்லுவார். 'கடல்ல யாரு வைத்தியம் பார்க்கிறா'ங்கிற வசனத்தையும் இங்கயே முடிச்சுடறேன். டிகிள்ஸும் லெஸ்டரும் 1996ல ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்துப் பக்கம் காட்டு மீன்கள்ல இந்த ஒட்டுண்ணி இருக்குன்னு காமிச்சாங்க. இருக்கு, ஆனா கடல் பெருசு. இறங்கின இடத்துலயே மீன் நின்னுட்டிருக்காது. கடல்ல அது தொந்தரவு, பெட்டிக்குள்ள அது கொள்ளைநோய்.

ரெண்டாவது, மருந்தும் கொல்லுது. என் ஃபாக்ஸ்ஃபேஸே சாட்சி. டெஸ்ட் கிட் இல்லாம செம்பு, சின்ன பக்கெட்ல ஏறற அம்மோனியா, பிடிக்கும்போது ஏற்படற அதிர்ச்சி. வைத்தியத்தால செத்த மீனெல்லாம் வியாதிக் கணக்குலயே எழுதப்படும். உப்பைக் குறைக்கிற முறையும் எப்பவும் கைகொடுக்காது. 2003ல தைவான் ஆராய்ச்சியாளர்கள் குறைஞ்ச உப்புலயும் வாழற ரகங்களைக் காமிச்சாங்க. 'தொடாதீங்க'ன்னு எனக்குச் சொன்ன அந்த மூணாவது ஆள், அவர் கையால எத்தனை மீனைப் பறிகொடுத்திருப்பாரோ.

மருந்துன்னு சொன்னப்போ இன்னொண்ணு. குளோரோகுயின். 1934ல ஜெர்மனியில பேயர் கம்பெனியில ஹான்ஸ் ஆண்டர்சாக் உருவாக்கின மலேரியா மருந்து. அதை வெல்வெட்டுக்கும் இக்குக்கும் மீன்காரங்க ரொம்ப நாளா போட்டுட்டிருந்தாங்க. 2020 மார்ச்ல, கொரோனா பயத்துல, அமெரிக்காவுல அரிசோனாவில ஒருத்தர் வீட்டுல மீனுக்கு வெச்சிருந்த குளோரோகுயின் பாஸ்பேட்டை தானே சாப்பிட்டு இறந்து போனார். மீனுக்கு மருந்து கொடுக்கலாமா வேண்டாமான்னு இவ்ளோ நேரம் மூளையைக் கசக்கிட்டிருக்கோம், அந்தச் செய்தியைத் திரும்பப் படிச்சப்போ கை அப்படியே நின்னுடுச்சு. வீட்டுல மீன் மருந்து வெச்சிருக்கிறவங்க, பாட்டில் மேல பெருசா எழுதி, குழந்தைகளுக்கும் பெரியவங்களுக்கும் எட்டாத இடத்துல வைங்க.

நிற்க. இவ்ளோ படிச்சுட்டு நான் எந்தக் கட்சி?

வெல்வெட்னா யோசிக்கவே கூடாது, அன்னைக்கே வைத்தியம். அதுல காத்திருந்து பார்க்கிறதுங்கறதே கிடையாது. இக்னா, வைத்தியம் உண்டு, ஆனா தொட்டிக்குள்ள இல்லை. சொல்லப்போனா, புள்ளி வந்தப்புறம் யோசிக்கிற கேள்வியே இல்லை இது. கடையிலருந்து மீன் வர்ற அன்னைக்கு, பவளத் தொட்டிக்குள்ள விடறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி. நான் கேட்கல. ஆயிரக்கணக்குல விளக்குக்குச் செலவு பண்ணவன், ரெண்டு ப்ளாஸ்டிக் டப் வாங்கல.

இப்போ வாங்கியாச்சு. மிச்சம் இருந்தது ரெண்டு நீமோ. ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க பாறையைக் கலைச்சு ரெண்டையும் பிடிச்சேன். என் ஏழு வருஷ அடுக்கு, பத்து நிமிஷத்துல குப்பை மேடு. மூணு நாளைக்கு ஒருக்கா ஒரு டப்லருந்து இன்னொண்ணுக்கு, பழையதைக் கழுவி மொட்டை மாடியில வெயில்ல காய வெச்சு, நாலு தடவை. காலையில ஆபீஸ் கிளம்பற அவசரத்துல கூட நாள் தள்ளிப் போடல. ரெண்டாவது மாத்தல்லயே தங்கமணி, "துணி காயப் போட இடமில்லை, உங்க டப் மட்டும் நடு மாடியில ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கு"ன்னாங்க. மூணாவது மாத்தல்ல, நான் லேட்டா வந்தப்போ, அவங்களே உப்புத் தண்ணி கலந்து, சூடு பார்த்து ரெடியா வெச்சிருந்தாங்க.

நீமோ ரெண்டும் இப்போ ஹால் மூலையில ஒரு டப்ல. சின்னது பெருசைத் துரத்துது, நல்லாத் தின்னுது. பெரிய தொட்டியில மீன் இல்லை. இறால் மட்டும் ராத்திரி வெளிய வந்து, யாரும் கேக்கிறதுக்கில்லாத மாதிரி நடந்துட்டுப் போகுது. பவுடர் ப்ளூ எப்பவும் தூங்கப் போற பாறைப் பொந்து நான் கலைச்சதுல இல்லாமலே போச்சு, திரும்ப அதே மாதிரி அடுக்கிப் பார்த்தேன், வரல.

இன்னைக்கு 41வது நாள். இன்னும் 35 இருக்கு.